மருதமுனையில் ஒரு தறி வீடு

கண்டியிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் மஹியங்கனை வீதியை இலகுவில் மறக்க மாட்டார்கள். ஹுன்னஸ்கிரியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் மலை திடீரென்று முடிந்துவிடுகிறது. பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற பாதையில் சுழன்று சுழன்று பஸ் கீழே இறங்குகிறது. குளிர் போய் வெக்கை வருகிறது. தேயிலை மறைந்து வயலும் காடும் தோன்றுகின்றன. மஹியங்கனையில் மகாவலி கங்கையைக் கடந்து, பதியத்தலாவை, மஹஓயா வழியாக அம்பாறையை அடையும்போது மலைநாடு வேறொரு தேசம் போல் தூரமாகிவிடும்.

அம்பாறையிலிருந்து கடலை நோக்கி வரும் பாதையின் இரு மருங்கிலும் சம்மாந்துறை வயல்கள். 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீர் இந்த வயல்களுக்குப் பாய்கிறது. சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த காரைதீவுச் சந்தியில் பஸ் வடக்கே திரும்புகிறது. சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக, இரு நிற மணிகளை மாற்றி மாற்றிக் கோத்த மாலை போன்ற கரையோரம் அது.

மருதமுனை என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவு வருவது சாரியும் சாரனும்தான். கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். உள்ளொழுங்கைகளில் நடந்து போனால், வேலிக்குப் பின்னாலிருந்து 'டக் டக்' என்ற தறியின் ஓசை கேட்கும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட ஓசை அது என்று முதியவர்கள் சொல்கிறார்கள். இன்று சில வளவுகளில் மாத்திரம்தான் கேட்கிறது.

அப்படியொரு வளவில் நானும் என் மனைவியும் விடுமுறையில் நான்கு நாட்கள் தங்கினோம். என்னிடம் ஓதி மௌலவியாக வெளியேறிய ஓர் இளைஞனின் வீடு அது. அவனுக்கு இன்னும் திருமணமாகவில்லை. வீட்டில் அவனுடைய தாயார், கணவனைப் பிரிந்து வாழும் மூத்த சகோதரி, அவருடைய ஆறு வயது மகள் ஆகியோர் இருக்கிறார்கள். அந்தத் தாயையும் மகளையும் பற்றியே இக்கட்டுரை. தன் பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வருவதை அந்தச் சகோதரி விரும்பவில்லை. ஆகவே சிறுமியைச் 'சின்னவள்' என்றே குறிப்பிடுகிறேன். அவர் சொன்னவற்றுள் பெரும்பகுதி என் மனைவியிடம் சொன்னது. வாசகிகளுக்குப் பயன்படும் என்று அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

வீடு யாருடையது?

கிழக்கு மாகாண முஸ்லிம்களின் வழக்கம் ஒன்றை மற்றப் பகுதி வாசகிகள் அறிந்திருப்பது நல்லது. அங்கே மகளுக்குத் திருமணம் என்றால் பெற்றோர் அவளுக்கு ஒரு வீட்டைக் கொடுக்கிறார்கள். மணமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். ஆகவே ஒரே வளவில் அல்லது அடுத்தடுத்த வளவுகளில் தாய், மகள், பேத்தி என்று பெண்கள் வேரூன்றி இருக்கிறார்கள். வீட்டைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை ஏழைப் பெற்றோரை நசுக்குவதும் உண்மை. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய ஆண், வீட்டை எதிர்பார்த்து நிற்பதை ஆலிம்கள் பலகாலமாகக் கண்டித்தே வருகிறார்கள். ஆனால் அந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது என்பதை இந்த வீட்டில் கண்டேன்.

எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் தலாக் நிகழ்ந்தால், பெண் தன் உடுப்புப் பெட்டியோடும் பிள்ளைகளோடும் தாய்வீட்டுக்குத் திரும்பி வருவாள். சகோதரனின் மனைவி முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்று பயந்து பயந்து ஒரு மூலையில் வாழ்வாள். அவளுடைய பிள்ளை சிரித்தாலும் சத்தம், அழுதாலும் சத்தம். மருதமுனைச் சகோதரியோ தன் சுவருக்குள்ளேயே இருக்கிறார். "ஊட்ட விட்டுப் போனது நானில்ல ராத்தா. அதனால என்ட புள்ளைக்குப் பாய் விரிக்கிற இடம் மாறல்ல" என்று அவர் என் மனைவியிடம் சொன்னாராம்.

அந்த வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடற்கோள், இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேதான். 10,000க்கும் மேற்பட்டோர் அந்த மாவட்டத்தில் இறந்தார்கள். மருதமுனையின் கரையோரமும் அழிந்தது. கடலுக்கு அருகில் இருந்த இவர்களின் பழைய வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிப் போனது. 2005 இல் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் தடை விதித்தது. அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டாலும், பலர் அதற்கிடையில் உள்ளே நகர்ந்துவிட்டார்கள்.

புது வீடுகள் கொடுக்கப்பட்டபோது பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரையே பதிந்தார்கள். பரம்பரையாகப் பெண்ணுக்குரியதாக இருந்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு வரியால் ஆணுக்குரியதாக மாறியது. இந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. சின்னவளின் பாட்டனார், இப்போது மர்ஹூமாகிவிட்டவர், பதிய வந்தவர்களிடம், "போன ஊடு என்ட இல்ல, அவட. வாற ஊடும் அவட பேரிலதான் வரணும்" என்று பிடிவாதமாக நின்றாராம். பின்னர் அது மகளின் பெயருக்கு வந்தது. அன்று அவர் பிடித்த பிடிவாதத்தின் நிழலில் இன்று அவருடைய பேத்தி விளையாடுகிறாள்.

தறி என்னும் பஸ் வண்டி

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. அதற்குள்ளே தறி. சுபஹுத் தொழுது, சிறிது குர்ஆன் ஓதி, பிட்டுக்கு மா குழைத்து வைத்துவிட்டுச் சகோதரி தறியில் உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரத்தில் எழும்புகிறார், லுஹருக்கு எழும்புகிறார், சமையலுக்கு எழும்புகிறார். மற்ற நேரமெல்லாம் கால் மிதியிலும் கை நாடாவிலும். சாதாரண சாரி ஒன்று முடிய இரண்டு நாளாவது செல்லும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நூலும் சாயமும் விலையேறின. ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை என்கிறார்.

விடுமுறை நாளானபடியால் சின்னவள் காலை முழுவதும் தறியோடு இருந்தாள். நான் வெளித்திண்ணையில் ஒரு கிதாபோடு அமர்ந்திருந்தேன். ஆனால் கிதாபின் பக்கம் புரளவில்லை. சாய்ப்பிலிருந்து வந்த குரல் அப்படி.

"கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று! ஏறுங்க, ஏறுங்க! பின்னுக்குப் போங்க!"

தறிதான் பஸ். உம்மா சாரதி. மகள் கொண்டக்டர். அறுந்து விழுந்த நூல் துண்டுகள் டிக்கட். பயணிகள் யாரென்றால், ஒரு தலையணை, இரண்டு தேங்காய் மட்டை, ஒரு கோழி. கோழிதான் எந்த இடத்திலும் காசு கொடுக்காமல் இறங்கிவிடும் பயணி.

"சாரதி, நிப்பாட்டுங்க! நிந்தவூர்ல ஒரு வாப்பும்மா இறங்கணும். அவக்குக் கால் ஏலாது" என்றாள் சின்னவள்.

"வாப்பும்மாட பை கனமா?" என்று தறியை நிறுத்தாமலே தாய் கேட்டார்.

"கனம். பைக்குள்ள மழை இரிக்கி."

"அப்ப மெதுவா இறக்குங்க மகள். சிந்தினா வயலெல்லாம் தாழ்ந்து போயிரும்."

சற்று நேரத்தில் பாவில் ஒரு நூல் அறுந்தது. தறி நின்றது. உடனே சின்னவள், "பஸ் பழுது! எல்லாரும் இறங்கி நிழல்ல நில்லுங்க. சாரதிக்குக் கரைச்சல் குடுக்காதீங்க" என்று உத்தரவிட்டு, தலையணையைச் சுமந்து கொண்டுபோய் வேலியோரம் வைத்தாள். தாய் குனிந்து நூலின் இரு முனைகளையும் தேடிப் பிடித்து முடிச்சிடும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி, ஏறலாம்" என்ற சொல் வந்த பிறகே கோழியைத் துரத்தத் தொடங்கினாள்.

கல்வி கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. வேலை செய்யும் தாய்க்கு இடைஞ்சல் செய்யாதே என்று அதட்டி உட்காரவைத்தால் ஆறு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் இருக்கும். இங்கே அந்த வேலையே விளையாட்டாகிவிட்டதால், எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது என்பதைப் பிள்ளை தானாகவே அறிந்து வைத்திருந்தது. தாய் தன் வேலையை விட்டு எழும்பவுமில்லை, பிள்ளையைத் தனியே விடவுமில்லை. அவர் கொடுத்ததெல்லாம் ஒரு செவியும் இடையிடையே ஒரு பதிலும்தான்.

இரவில் மின்விசிறியின் கீழே பாய் விரித்துப் படுத்ததும் நொடி போடுவார்கள். விடுகதையை அப்பகுதியில் நொடி என்பார்கள். பழைய நொடிகளெல்லாம் தீர்ந்துபோய், சின்னவள் இப்போது சொந்தமாகவே கட்டுகிறாள். "இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும், ஆனா ஊட்ட விட்டு வெளியில போகாது. என்ன?" என்று சுவருக்கு அப்பால் கேட்டது. "நாடா" என்று என் மனைவி சொன்னாள். "இல்ல, உம்மா!" என்றாள் சிறுமி. இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது.

கிணற்றடிப் பேச்சு

இரண்டாம் நாள் அஸருக்குப் பின் என் மாணவனின் தாயார் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பேசினார்.

"ஹஸ்ரத், இந்தப் புள்ளைக்கு ஒருக்கா ஓதிப் பாருங்க. ஒவ்வொரு நாளும் கிணத்தடியில நிண்டு ஆரோடயோ கதைச்சிக்கிட்டு இரிக்கா. கிணத்துக்குள்ள ஒரு ராத்தா இரிக்காவாம். அக்கம்பக்கத்துல ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. தகப்பன் இல்லாத புள்ள, காத்துக் கறுப்புப் பட்டிருக்கும் எண்டு சொல்றாங்க."

அந்த முதிய பெண்ணின் குரலில் உண்மையான பயம் இருந்தது. அதை நகைத்துவிடக் கூடாது. ஆனால் ஒரு மௌலவி அந்தக் கணத்தில் தண்ணீர் ஓதி, நூல் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும்? நாளைக் காலையில் ஒழுங்கை முழுவதும் "ஹஸ்ரத்தே ஓதியிருக்கார், அப்ப உண்மைதான்" என்று ஆகிவிடும். பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் அவளோடு உட்காரப் பயப்படுவார்கள். அந்தப் பெயர் அவள் மணப்பெண்ணாகும் காலம்வரை கூடவே வரும்.

ஆகவே என் மனைவியைச் சின்னவளோடு கிணற்றடிக்குப் போகச் சொன்னேன். கிணற்றுக்கு இடுப்பளவு சுற்றுக்கட்டு இருந்தது. அதன்மேல் தாய் இரும்பு வலை போட்டுப் பூட்டியிருந்தார். சின்னவள் வலைமேல் முகத்தை வைத்து, "ராத்தா!" என்று கூப்பிட்டாள். "...த்தா" என்று கிணறு சொன்னது.

"ஆர் மகள் அது?" என்று மனைவி கேட்டாள்.

சிறுமி அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாளாம். "அது என்ட சத்தம், மாமி. கீழ போய்த் திரும்பி வருது. எனக்குக் கூடப் பொறந்தவங்க ஒருத்தரும் இல்லத்தானே, அதால நான்தான் ராத்தா எண்டு பேர் வெச்ச. உங்களுக்கு அது தெரியாதா?" என்றாளாம்.

மனைவி வந்து சொன்னபோது பாட்டியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். பிறகு அவருக்கு நான் அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை எடுத்துச் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றிலிருந்து திரும்பி வந்த வேளையில், காற்றினால் ஒரு திரை விலகியது. அதன் பின்னால் ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. அவற்றின் நடுவே துணியால் இரு சிறகுகள் வைத்த ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவென்று நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அவர்கள் கடைவாய்ப்பல் தெரியுமளவு சிரித்தார்கள். கண்டிக்கவில்லை, சிறகை வெட்டச் சொல்லவுமில்லை.

"சிறகு வைத்த குதிரைக்கு அந்த வீட்டில் இடமிருந்தது உம்மா. கிணற்று ராத்தாவுக்கு இந்த வீட்டில் இடமில்லையா?" என்று கேட்டேன். எந்தப் பிள்ளைக்கும் கேட்கும் பாதுகாப்பு துஆவை இவளுக்கும் கேட்டேன். இது நோய்க்கு ஓதியதல்ல, பரக்கத்துக்குக் கேட்ட துஆ என்று அயல்வீட்டாரிடம் சொல்லும்படி பாட்டியாரிடம் தெளிவாகவே சொன்னேன்.

கதையா, மெய்யா?

கற்பனைக்கு இப்படி இடம் கொடுத்தால் பிள்ளை பொய் பேசப் பழகாதா என்று வாசகிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சகோதரிக்கும் இந்தக் கவலை வந்திருக்கிறது.

முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளை, "உன்ட வாப்பா எங்க?" என்று கேட்டிருக்கிறது. "கப்பல்ல போயிரிக்கார். திமிங்கிலத்துக்குக் காய்ச்சல், ஊசி போடப் போயிரிக்கார்" என்று சின்னவள் சொல்லியிருக்கிறாள். அது வகுப்பெல்லாம் பரவி, வீட்டுக்கும் வந்தது.

தாய் அடிக்கவில்லை. அன்றிரவு பாயில் வைத்து ஒரு சட்டம் போட்டார். விளையாடும்போது என்னவும் சொல்லலாம். ஆனால் யாராவது "கதையா, மெய்யா?" என்று கேட்டால், மெய்யை மட்டும்தான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் உம்மாவுக்கும் உண்டு. மகளும் உம்மாவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

சட்டம் போட்ட மறுநிமிடமே மகள் கேட்டாளாம்: "நாளைக்கு வாப்பா வருவார் எண்டு உம்மும்மா செல்றா. கதையா, மெய்யா?"

"அண்டைக்குத்தான் ராத்தா எனக்கு நெஞ்சு வெடிச்ச. கதை எண்டும் செல்ல ஏலா, மெய் எண்டும் செல்ல ஏலா" என்றார் அந்தச் சகோதரி. ஆனாலும் சொன்னார். வாப்பா வேறு வீட்டில் இருக்கிறார். உம்மாவும் அவரும் ஒன்றாக இருக்க முடியாமல் போய்விட்டது. அது உன்னாலல்ல. நாளைக்கு வருவாரா என்பது உம்மாவுக்குத் தெரியாது. வந்தால் கதவு திறந்திருக்கும்.

சின்னவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவருக்கு ஒரு கதிர வெப்பம்" என்றாளாம். நாங்கள் போனபோதும் அந்தக் கதிரையைக் கண்டோம். முற்றத்து மணலில் ஓட்டுத் துண்டுகளால் அவள் எல்லை போட்டுக் கட்டிய விளையாட்டு வீட்டில் தறிக்கு ஓர் அறை, ஆட்டுக்கு ஓர் அறை, கிணற்று ராத்தாவுக்கு ஓர் அறை. விறாந்தையில் ஒரு சிரட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் வாப்பாவின் கதிரை. ஏன் உள்ளே வைக்கவில்லை என்று மனைவி கேட்டதற்கு, "அவர் இப்ப விருந்தாளிதானே" என்று பதில் வந்தது.

இதிலே பொய் சொன்னவர் யார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்று தாய் சொன்னார். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். பிள்ளைக்கு நாம் சொல்லும் 'நாளைக்கு வருவார்' என்ற சமாதான வார்த்தைதான் பொய். திமிங்கிலத்துக்கு ஊசி போடுவது, பொறுக்க முடியாத கேள்விக்கு ஒரு பிள்ளை தேடிக்கொண்ட மறைப்பு. பெரியவர்கள் மெய்யைக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு அந்த மறைப்பு தேவைப்படாது. சிறகு வைத்த குதிரை மட்டும் மிஞ்சும்.

இரண்டு வருடப் பஸ்

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவே அந்த வீட்டின்மேல் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது.

தறியின் வருமானம் போதாது. தகப்பன் தரவேண்டிய தாபரிப்புப் பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது. உறவினர் ஒருவர், சகோதரியை மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்கு அனுப்பிவிடலாம் என்று முகவர் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார். போகுமுன்பே கையில் ஒரு தொகை தருவார்களாம். இரண்டு வருட ஒப்பந்தம். பிள்ளையைப் பாட்டியார் பார்த்துக்கொள்வார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போகக் கூடாதென்று 2013 இல் அரசாங்கம் விதி கொண்டுவந்தது. 2022 இல் அந்த வயதை இரண்டாகக் குறைக்க அமைச்சரவை முடிவெடுத்தது. எப்படிப் பார்த்தாலும் ஆறு வயதுப் பிள்ளையின் தாய்க்குச் சட்டத்தில் தடை இல்லை.

அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. போன பெண்களை நான் குறை கூற மாட்டேன். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் கூரை, அவர்கள் அந்நிய சமையலறைகளில் சிந்திய வியர்வையில் நிற்கிறது. ஆனால் இந்தச் சகோதரி என் மனைவியிடம் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே வைக்கிறேன்.

"ஒரு நாள் தறியில இரிக்கக்க, 'கொண்டக்டர், சவூதிக்கு ஒரு டிக்கட் தாங்க' எண்டு கேட்டுப் பாத்த. புள்ள என்ட முகத்தப் பாத்திட்டு, 'கதையா, மெய்யா?' எண்டு கேட்டா. நான் ஒண்டும் பேசல்ல. கையில இருந்த நூலெல்லாத்தையும் கீழ போட்டுட்டுப் போயிட்டா. அண்டைக்கு முழுக்கப் பஸ் ஓடல்ல."

பதினொரு வயதுக்குள் இந்தப் பிள்ளை பெறவேண்டியதைப் பதினெட்டு வயதில் பணம் அனுப்பிக் கொடுக்க முடியாது. தாய்க்கு அது தெரியும். தெரிந்தும், அரிசி விலையும் அவருக்குத் தெரியும்.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150 இல் காஸாவில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர்கள். தாய்தான் மக்காவுக்குக் கூட்டிச் சென்று வறுமையில் வளர்த்தெடுத்தார். அந்தத் தாயை நாம் மேடைகளில் புகழ்கிறோம். நம் ஒழுங்கையில் அதே நிலையில் இருக்கும் தாயைப் பற்றி 'பாவம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

கடலுக்கு ஒரு கேற்

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை கடற்கரைக்குப் போனோம். பாட்டியார் வரவில்லை. 2004க்குப் பின் அவர் கடலைப் பார்க்கப் போவதில்லை. சகோதரிக்கு அன்று எட்டு வயது. பின்வந்த மாதங்களைக் கூடாரத்தில் கழித்தவர். "அந்த இருட்டுல எங்கட உம்மும்மா நொடி போட்டுக்கிட்டே இரிப்பா. விடை தேடித் தேடி நித்திரையாகிருவம். அதுதான் எனக்கு வந்த சீதனம்" என்றார். அன்று அவர் பெற்றதையே இன்று தன் மகளுக்குக் கொடுக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

கரைவலை இழுத்து முடிந்து, தோணிகள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. சின்னவள் ஒரு தடியால் நீரோரமாக நீண்ட கோடொன்று கிழித்தாள். பிறகு கடலைப் பார்த்து விரலை நீட்டி, "இதுதான் கேற். இதுக்கு அங்கால நில்லு. உள்ளுக்கு வரப்படாது" என்று கட்டளையிட்டாள். ஓர் அலை வந்து கோட்டின் ஒரு பகுதியை அழித்துவிட்டுப் போனது.

நான் தாயின் முகத்தைக் கவனிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மகளிடம் நடந்து போவது மட்டும் தெரிந்தது. "கேற்றுக்குக் காவல்காரன் இல்லாட்டி அப்படித்தான் வரும் மகள்" என்று சொல்லிக்கொண்டு, தடியை வாங்கி, அழிந்த கோட்டை இன்னும் சற்று மேலே திருப்பிக் கீறினார். மஃரிபுக்கு அதான் சொல்லும் நேரம்வரை இருவரும் கடலோடு வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் குடும்பத்திலோ அயலிலோ தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய் ஒருத்தி இருப்பாள். விதவையாக இருக்கலாம், தலாக் பெற்றவளாக இருக்கலாம். அவளுடைய பிள்ளையின் முன்னால் 'தகப்பன் இல்லாத பிள்ளை' என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள். அந்தப் பிள்ளை தனக்குத்தானே பேசி விளையாடினால், பேயென்றும் ஜின்னென்றும் கதை கட்டாதீர்கள். பிள்ளை உண்ணாமல் உறங்காமல் வாடினால் வைத்தியரிடம் காட்டுங்கள். சிரித்துக்கொண்டு விளையாடினால் விட்டுவிடுங்கள்.

தலாக்கோடு தகப்பனின் கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளைக்குச் செலவளிப்பது மார்க்கம் அவன்மேல் சுமத்திய கடமை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பிள்ளைத் தாபரிப்புக் கோரிக் காதி நீதிமன்றத்துக்குப் போகலாம். அதைக் கேட்பது வெட்கமல்ல. வெட்கப்பட வேண்டியவன் கொடுக்காதவன். பள்ளிவாசல் நிர்வாகிகளின் வீட்டுப் பெண்களே, ஸகாத் பங்கிடும் காலத்தில் ஒரு தறிக்கு நூல் வாங்கிக் கொடுத்தால், ஒரு தாய் விமான நிலையத்துக்குப் போகாமல் இருக்கக்கூடும் என்பதை உங்கள் ஆண்களின் காதில் போடுங்கள். பெருநாளுக்குத் துணி எடுக்கும்போது ஒரு கைத்தறிச் சாரியாவது எடுங்கள்.

கணவனோடு நிறைவாக வாழும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கிறோம், கையில் தொலைபேசியையும் கொடுத்துவிடுகிறோம். மழை நிரம்பிய பையோடு நிந்தவூரில் இறங்கும் வாப்பும்மாவைப் பற்றிப் பிள்ளை சொன்னால், வேலைக்கு நடுவே நிமிர்ந்து, பை கனமா என்று கேட்கிறோமா?

அந்தச் சகோதரியின் தறி நிற்காமல் ஓடவும், அவர் எடுக்கப்போகும் முடிவில் அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நலவு இருக்கவும் வல்ல அல்லாஹ்விடம் துஆச் செய்யுங்கள்.